குண்டுவின் சொறிக் கணக்கு

யாரையாவது மட்டமாகத் திட்ட வேண்டுமென்றால் நம் தமிழில் ரெடிமேடாக ஒரு வார்த்தை இருக்கிறது. 'சொறிநாய்!' அரசியல் மேடையிலிருந்து ஷேர் ஆட்டோ வரை சகல இடங்களிலும் செல்லுபடியாகும். திட்டுகிற யாரும் ஒரு நிமிஷம் நின்று, 'அது சரி, அந்த நாய் எதற்காகச் சொறிகிறது?' என்று யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த நிர்ப்பந்தம் வந்தது. ஏனென்றால் என் வீட்டிலேயே 32 கிலோவில் ஒன்று இருக்கிறது.

பெயர் குண்டு. லாப்ரடார். டெல்லிக்கு டிரான்ஸ்ஃபர் ஆன ஆபீஸ் நண்பர், "ஆறு மாசக் குட்டி, குரு. ஒரு தொந்தரவும் கிடையாது" என்று என் கையில் ஒப்படைத்துவிட்டு ரயிலேறினார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தொந்தரவு ஒன்றரை வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தான். பாதத்து முடியெல்லாம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்துபோயிற்று. அப்புறம் காது. அப்புறம் அக்குள், வயிறு. ராத்திரி ஒரு மணிக்கு அவன் காதைச் சொறிகிற வேகத்தில் பின்னங்கால் தரையில் 'டொக் டொக் டொக்' என்று மோதும். நாங்கள் கொளத்தூரில் மாடி போர்ஷன். அந்த 'டொக்'குக்கு நேர் கீழே வீட்டுக்காரரின் கட்டில்.

2023 ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் படியேறி வந்தார்.

"தம்பி, நான் வளைச்சுப் பேசத் தெரியாதவன். நாய்க்கு சொறி. ராத்திரி தூக்கம் இல்லை. எனக்கும் உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி இருக்கு. பொங்கலுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிடுங்க."

ஏற்பாடு நாய்க்கா, எங்களுக்கா என்று அவர் சொல்லவில்லை.

அம்மாவும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டாள். "உன் தங்கச்சி தை மாசம் பிரசவத்துக்கு வர்றாடா. கைக்குழந்தை இருக்கிற வீட்ல இது எதுக்கு? தொத்திக்கும்." திருத்தணி பக்கம் ஒரு உறவுக்காரரின் கோழிப்பண்ணையில் விட்டுவிடலாம் என்று யோசனையும் சொன்னாள். கோழிப்பண்ணையில் லாப்ரடார்! கோழிகளின் கதியை நினைத்தால் எனக்கு பகீரென்றது.

ஆபீஸ் கேன்டீனில் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், ஒரு மெடிக்கல் காலேஜே திறந்துவிட்டது. வேப்பெண்ணெய், கந்தகம் குழைத்த தேங்காயெண்ணெய், பினாயில் கலந்த தண்ணீர், மெக்கானிக் ஷெட்டில் வடித்த கறுப்பு எஞ்சின் ஆயில். கடைசி அயிட்டத்தைச் சிபாரிசு செய்தவர் எங்கள் ஹெட்கிளார்க். தெரு நாய்களுக்குப் பாவம் பார்த்து இதைத் தடவுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அது தோலைப் பொசுக்கும், நாய் நக்கும், நக்கியது வயிற்றுக்குள் போய் விஷமாகும். பினாயிலும் அதே ரகம்தான். ஹெட்கிளார்க்கிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? இன்க்ரிமென்ட் வரும் மாதம்! தலையாட்டி வைத்தேன்.

அதற்கு முன்பே பக்கத்துத் தெரு கிளினிக் ஒன்றில் மூன்று தடவை ஊசி போட்டாயிற்று. ஊசி போட்ட மறுநாள் குண்டு புது நாய். சொறி இல்லை, சத்தம் இல்லை. மூன்றாவது வாரம் பழைய குண்டு திரும்பி வந்துவிடுவான். அந்த ஊசி ஸ்டீராய்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன், அரிப்பை அடக்க அதைப் போல வேகமான சரக்கு குறைவு. ஆனால் எதனால் அரித்தாலும் அடக்கிவிடும். எதனால் என்று சொல்லாது. அடிக்கடி போட்டால் தாகம், பசி, சிறுநீர், கூடவே எடை என்று வேறு கணக்குகள் ஏறும். குண்டு எடை கூடினால் எங்கள் வீட்டுப் படி தாங்காது.

ஆகவே நான்காவது ஊசிக்குப் பதில் அண்ணாநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். வேப்பேரியில் படித்தவர். (1903-இல் ஆரம்பித்த கால்நடைக் கல்லூரி. நம் ஊரில் நாய் வளர்க்கிற பாதிப்பேர் ஒருமுறையாவது அந்த ஆஸ்பத்திரி வாசலில் சங்கிலியோடு நின்றிருப்பார்கள்.) நாங்கள் உள்ளே போனதும் அவர் நாயைத் தொடவே இல்லை. என்னைத்தான் விசாரித்தார், அதுவும் இருபது நிமிஷம். எந்த வயசுல ஆரம்பிச்சது? வருஷம் பூராவுமா, மழைக்காலத்துல அதிகமா? முதல்ல அரிப்பு வந்து அப்புறம் புண்ணா, புண்ணு வந்து அப்புறம் அரிப்பா? முதுகு வாலடியில கடிக்கிறானா, பாதத்துல நக்குறானா? வீட்டுல மனுஷங்க யாருக்காவது அரிப்பு உண்டா?

"வீட்டுக்காரருக்கு அரிக்கிற மாதிரி இருக்காம் மேடம்."

"புள்ளி புள்ளியா ஏதாவது இருக்கா?"

"இல்லை. அரிக்கிற மாதிரி மட்டும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். நாய்ச் சிரங்குப் பூச்சி மனிதர்கள் மேலும் ஏறி, கொஞ்ச நாள் அரிப்பைத் தரும். அதனால் அந்தக் கேள்வி.

பிறகுதான் பரிசோதனை. சீப்பால் முதுகைச் சீவி, விழுந்த கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். அது வெறும் அழுக்காக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சமாக இருந்தால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும், ஏனென்றால் அது செரித்த ரத்தம். கசிந்தது. இரண்டே புள்ளி, ஆனால் கசிந்தது. தெள்ளுவின் எச்சிலுக்கு அலர்ஜி உள்ள நாய்க்கு நாலைந்து கடி போதுமாம், நாள் கணக்கில் சொறிய.

அடுத்து ஒரு பிளேடால் தோலை லேசாகச் சுரண்டினார், ரத்தம் துளிர்க்கிற அளவுக்கு. மைக்ராஸ்கோப்பில் சுருட்டு வடிவத்தில் எட்டுக்கால் பூச்சி தெரிந்தால் அது ஒரு வகைச் சொறி. உருண்டையாகத் தெரிந்தால் சிரங்கு. இரண்டும் இல்லை. "ஆனா சிரங்குப் பூச்சி சுரண்டல்ல ஆப்படாமலே இருக்கும். அதனால இல்லைன்னு எழுத மாட்டேன். அதுக்கும் சேர்த்து மருந்து போட்டுடுவோம்" என்றார். பாதத்திலும் காதிலும் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்துச் சாயம் போட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். நிலக்கடலை நிலக்கடலையாக ஒரு கூட்டம். ஈஸ்ட். ஆரோக்கியமான தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். தோல் கெட்டுப்போனால் கும்பலாகக் குடியேறிவிடும். குண்டுவிடமிருந்து வரும் அந்த நனைந்த மெத்தை வாசனைக்கும் அதுதான் காரணம்.

"அப்போ அலர்ஜியா, இல்லையா மேடம்?" என்றேன். ரிசல்ட் கையில் வேண்டும் நமக்கு!

"அலர்ஜிக்குன்னு ஒரு டெஸ்ட் கிடையாது சார். மத்ததெல்லாம் இல்லைன்னு ஒண்ணொண்ணா அடிச்சுக்கிட்டே வரணும். கடைசியில மிஞ்சறதுதான் அலர்ஜி."

அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் குப்பை கொட்டுகிற எனக்கு இது பிடித்துப்போயிற்று. டாலி ஆகாத கணக்கை நாங்களும் இப்படித்தான் பிடிப்போம்.

அதற்குள் பக்கத்து சீட்டு நண்பர், "ஒரே ரத்த டெஸ்ட்ல எண்பது அயிட்டத்துக்கு அலர்ஜி லிஸ்ட் வந்துடும், குரு" என்று ஒரு விளம்பரத்தைக் காட்டியிருந்தார். அதையும் கேட்டேன். சாப்பாட்டு அலர்ஜிக்கு ரத்தம், எச்சில், முடி எதை வைத்துச் செய்கிற டெஸ்ட்டும் நம்பகமில்லை. சொறியே இல்லாத நாய்க்கும் நீளமான லிஸ்ட் வரும் என்றார். தூசி, மகரந்தம் சமாசாரங்களுக்கு ரத்த டெஸ்ட்டும் தோல் டெஸ்ட்டும் உண்டு. அவையும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல, கண்டுபிடித்த பிறகு அலர்ஜிக்கான தடுப்பூசியில் எதையெல்லாம் கலக்கலாம் என்று முடிவு செய்ய.

எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். தினம் ராத்திரி சொறிக்கு மார்க். பூஜ்யம் என்றால் சொறியே இல்லை. 10 என்றால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டுச் சொறிகிறான் என்று அர்த்தம். முதல் நாள் மார்க் 8.

முதல் இரண்டு வாரம் தெள்ளுவும் ஈஸ்ட்டும். கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து, அது சிரங்குப் பூச்சியையும் சேர்த்துக் கொல்லும். வாரம் இருமுறை குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பூ. தேய்த்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ஈரமான 32 கிலோ நாயைப் பத்து நிமிஷம் பாத்ரூமில் நிற்க வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முதல் தடவை குளித்தது நான். மார்க் 8-லிருந்து 5-க்கு இறங்கியது. 5-இல் நின்றுவிட்டது.

இனி சாப்பாடு. இதுவரை சாப்பிடாத ஒரு மாமிசம், இதுவரை சாப்பிடாத ஒரு மாவுப்பொருள், எட்டு வாரம், வேறொன்றும் வாயில் படக்கூடாது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "பத்தியம்னு சொல்லு. அதுக்கு எதுக்கு இவ்வளவு இங்கிலீஷு?" குண்டு அதுவரை தின்றது கோழி, முட்டை, பால், தயிர்சாதம், பிஸ்கட். நாய்களின் சாப்பாட்டு அலர்ஜியில் அதிகம் மாட்டுகிறவை மாட்டுக்கறி, பால், கோழி, கோதுமை. எங்கள் வீட்டு மெனுவில் மூன்று குற்றவாளிகள் தினமும் ஆஜர்! மீன் மட்டும் எங்கள் வீட்டில் வாங்குவதில்லை, அம்மாவுக்கு வாசனை ஆகாது. ஆகவே சங்கரா மீன், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. முள் எடுத்து, உப்பில்லாமல், வெங்காயமில்லாமல் வேகவைத்தது. (வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம். அலர்ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.) கறி வாசனை சேர்த்த மெல்லும் மாத்திரைகூட இந்தக் காலத்தில் தடை. எட்டு வாரத்துக்கு மேல் இதையே கொடுத்தால் சத்துக் குறையும் என்பதையும் டாக்டரம்மா எழுதியே கொடுத்தார்.

தீபாவளியன்று கடைசியாக ஒரு கோழித் துண்டு. நவம்பர் 13 முதல் பத்தியம். எட்டு வாரம் கூட்டினால் ஜனவரி 8. பொங்கலுக்கு ஒரு வாரம் கைவசம். காலண்டரில் வட்டம் போட்டேன்.

தினம் சாயங்காலம் ஆபீஸ் விட்டு மீன் பையோடு பஸ்ஸில் வருவேன். கூட்ட நேரத்திலும் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு முள் எடுத்தது யார் தெரியுமா? நாயைக் கோழிப்பண்ணைக்கு அனுப்பச் சொன்ன அதே அம்மா! மேல் வீட்டுக் குழந்தை கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தால்கூட அவள்தான் முதலில் பாய்வாள்.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 27 காலை. ஆறரை மணிக்கு பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே திண்ணையில் வீட்டுக்காரர், ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் டீ. அவர் காலடியில் குண்டு. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவர் ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கீழே நீட்டினார். குண்டு பழகிய வாயால் அதை வாங்கிக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. இரண்டு பேருமே ரொம்ப நாள் சர்வீஸ் என்று பார்த்த உடனேயே தெரிந்தது.

பல்பொடி நுரையோடு கீழே ஓடினேன்.

"ஒரு பிஸ்கட்டுதானே தம்பி! வாயில்லா ஜீவன், முகத்தைப் பார்த்துக்கிட்டே நிக்குது" என்றார், நாயை வெளியே அனுப்பக் கெடு வைத்த அந்த மனிதர்.

"சார், பிஸ்கட்டுன்னா கோதுமையும் பாலும். பத்தியம் முறிஞ்சு போச்சு. மறுபடி முதல் வாரத்துலேர்ந்து எண்ணணும்."

"அப்படின்னா?"

"ஜனவரி 22. பொங்கலுக்கு ஒரு வாரம் கழிச்சு."

அவர் கொஞ்ச நேரம் டீயைப் பார்த்தார். "சரி, தை முடியட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுபடி வட்டம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, மிக்ஜாம் புயல். டிசம்பர் 4 ராத்திரி எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். கரன்ட் இல்லை. வீட்டுக்காரர் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். இரண்டு ராத்திரி எங்கள் ஹாலில் படுக்கை, குண்டுவுக்கு நாலடி தள்ளி. கடலுக்கு யாரும் போகவில்லை, மீன் ஏது? ஃபிரிட்ஜில் இருந்தது கெட்டுப்போயிற்று. மிச்சமிருந்த சர்க்கரைவள்ளிக்கிழங்குதான் மூன்று நாளும். நிவாரணமாக வந்த பிரெட்டும் பிஸ்கட்டும் ஹாலில் அடுக்கியிருந்தன. குண்டு அதன் எதிரே உட்கார்ந்து வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்து, அத்தனை பாக்கெட்டையும் பரணில் தூக்கி வைத்துவிட்டு வந்து படுத்தார்.

அந்த இரண்டாவது ராத்திரி மழை ஈரத்தில் குண்டு நிறுத்தாமல் சொறிந்தான். கீழிருந்து 'டொக்' கேட்பது வேறு. இருட்டில் பக்கத்தில் கேட்பது வேறு. சொறிந்து, நக்கி, எழுந்து, சுற்றி, மறுபடி படுத்து... விடிகிற வரை. வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, "இதுக்கு தூக்கமே வராதா தம்பி?" என்று கேட்டார். நோட்டில் அன்றைய மார்க் 7.

ஜனவரி 22-க்கு மார்க் 5. எட்டு வாரம், பஸ் நாற்றம், புயல், எல்லாம் போக அதே 5. டாக்டரம்மா பழையபடி கோழியும் பாலும் இரண்டு வாரம் கொடுக்கச் சொன்னார். அப்போதும் 5. ஏறவில்லை, இறங்கவில்லை.

"எல்லாம் வேஸ்ட்டா மேடம்?"

"சாப்பாடு இல்லைன்னு தெரிஞ்சுதே. இனிமே வாழ்நாள் பூரா அவனுக்குக் கோழி போடலாம், பயமில்லாம." அவர் லிஸ்டில் 'உணவு' என்பதை அடித்துவிட்டு ஒரு தாளை எடுத்தார். 2010-இல் ஃபாவ்ரோ என்ற டாக்டரும் சகாக்களும் வெளியிட்ட எட்டு அம்சங்கள். மூன்று வயதுக்குள் ஆரம்பமா? பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிற நாயா? ஸ்டீராய்டுக்கு அடங்கியதா? புண்ணுக்கு முன்னால் அரிப்பு வந்ததா? முன் பாதங்களா? காது மடலா? காது ஓரம் தப்பித்ததா? இடுப்புக்கு மேல் முதுகு தப்பித்ததா? குண்டு எட்டுக்கு ஏழு. எங்கள் வீட்டில் யாரும் வாங்காத மார்க்.

ஆக, மிஞ்சியது இதுதான்: அடோப்பிக் டெர்மடைடிஸ். காற்றிலும் தூசியிலும் இருக்கிற, மற்ற நாய்கள் சட்டை பண்ணாத ஏதோ ஒன்றுக்கு இவன் உடம்பு அலறுகிறது. நமக்கு இதே சங்கதி வந்தால் தும்மல், மூக்கு ஒழுகல், இழுப்பு. நாய்க்குப் பெரும்பாலும் தோல். தோலின் மேல்வேலி சரியில்லாததால் வயிறு, பாதம் வழியாகவே சமாசாரம் உள்ளே போகிறது. அடோப்பி நாய்களுக்கு அதிகம் ஆகாதது மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. ஈரக்காற்று அதற்குக் கொண்டாட்டம். சென்னை அதற்கு மாமியார் வீடு. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக் ஜாதிகளில் இந்த வியாதி சகஜமாம். பிறவியில் வருவது, தொத்தாது. இந்தக் கடைசி வார்த்தையை டாக்டரம்மாவிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். அம்மா அதை பூஜை அலமாரியில் வைத்தாள்.

குணமாகுமா? ஆகாது. அடக்கி வைக்கலாம். இதைக் கேட்டுத்தான் பலர் டாக்டரை மாற்றுகிறார்களாம். ஓக்லாசிடினிப் என்றொரு மாத்திரை, 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோலிலிருந்து மூளைக்கு 'அரிக்குது' என்று தந்தி கொடுக்கிற புரதங்கள் இருக்கின்றனவே, அவற்றின் வேலையை உள்ளே நிறுத்துகிறது. ஒரு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது, பெரிய தொற்று இருந்தாலும் கூடாது, அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். மாதம் ஒரு ஊசி போடும் வகையும் உண்டு. தடுப்பூசி வழி தனி: ஆகாத பொருளையே துளித்துளியாகக் கொடுத்துப் பழக்குவது. பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகும், எல்லா நாய்க்கும் கேட்காது. அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரை கொடுத்த முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சத்தமே இல்லை. எழுந்து போய் நாய் மூச்சு விடுகிறதா என்று பார்த்தேன். மல்லாந்து, நாலு காலும் மேலே, குறட்டை. மார்க் 2.

இப்போது அவன் படுக்கை விரிப்பு வாராவாரம் கொதிநீரில். பழைய இலவம்பஞ்சு மெத்தை போய், துடைக்கிற மாதிரி ரெக்ஸின். துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி. ஷாம்பூ குளியல் ஞாயிறுதோறும். தங்கை வந்து, சித்திரையில் மருமகளும் பிறந்துவிட்டாள். குண்டு அவள் ரூம் வாசல்படியில் தாடையை வைத்துக்கொண்டு கிடப்பான். மழை பிடித்தால் மார்க் 4 வரை ஏறும், காதில் ஈஸ்ட் எட்டிப் பார்க்கும், அண்ணாநகர் பஸ் பிடிப்போம். நோட்டு இரண்டாவது வால்யூம் ஓடுகிறது.

தை முடிந்து மாசி பிறந்த அன்றைக்கே வீட்டுக்காரர் படியேறி வந்திருந்தார். கையில் கெடு சமாசாரம்தான் என்று நினைத்து டாக்டர் லெட்டரைத் தயாராக எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. குண்டுவின் காதை மடக்கி உள்ளே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து, "இப்போ குடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

"நாய் இருக்கட்டும் தம்பி. ஆனா இந்த மாசத்துலேர்ந்து தண்ணிக்கு இருநூறு ரூபாய் சேர்த்துக் குடுத்துடுங்க. வாராவாரம் பத்து நிமிஷம் குளிப்பாட்டறீங்க, மோட்டார் என்னுது!"